மூணாம் யூனிட்டுக்குப் பிரிவுபசாரம்

மார்ச் முப்பத்தொன்றோடு மூணாம் யூனிட்டை
நிறுத்துவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.
கேன்டீனில் கேசரிக்குச் சொல்லியாயிற்று.
முப்பத்தெட்டு வருஷம் எரிந்த கொதிகலனுக்கு
மாலையை எங்கே போடுவதென்று
ஃபிட்டர் சிங்காரவேலு ஏணி வைத்து அளந்தார்.

நான் அங்கே தண்ணீர் பரிசோதிக்கிற ஒப்பந்தக்காரி.
கொதிகலனுக்குள் போகிற நீரில்
உப்பு ஆகாது, மண் ஆகாது, காற்றுகூட ஆகாது.
குடுவையில் பிடித்து, முனையை நனைத்து,
வருகிற எண்ணை நோட்டில் எழுதுவேன்.
ஒருநாள் நாக்கில் விட்டுப் பார்த்தேன்.
எதுவுமே இல்லை.
எண்ணூரில் அவ்வளவு சுத்தமாக
வேறெதையும் நான் தொட்டதில்லை.

வீட்டில் ஏழு குடத்துக்கு ஒரு டோக்கன்.
எர்ணாவூர், நாலாவது மாடி.
லாரி செவ்வாய் வரும்; வராவிட்டால் வியாழன்.
"இன்னாக்கா, தண்ணி டிபார்ட்மென்ட்டுன்ற,
ஒரு கொடம் எக்ஸ்ட்ரா வாங்கித் தர மாட்டியா?"
வரிசையில் பிளோமினா.
சிரித்துவைத்தேன்.

இரண்டு பருவம் பொய்த்துவிட்டது.
மேற்கே மலையிலிருந்து நாத்தனார் அனுப்பிய வீடியோவில்
அணைக்குள் பையன்கள் பைக் ஓட்டப் பழகுகிறார்கள்.
சக்கரத்துக்குப் பின்னால் புழுதி.
அந்தத் தரைக்கு மேலே முன்பு
எண்பது அடி தண்ணீர் நின்றிருக்கிறது.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.
சாயங்காலம் ஆறரைக்கு
வெயில் இறங்கும், சோலார் இறங்கும்.
அதே நேரம் ஊர் முழுக்க விளக்கு, மிக்ஸி, ஏசி.
அந்த இடைவெளியை
மலைத்தண்ணீர் தாங்கும் என்று
எவரோ ஒரு தாளில் கோடு போட்டிருக்கிறார்கள்.
கோட்டின் மேல் மழை பெய்ய வேண்டும் என்பதை
எழுத மறந்துவிட்டார்கள்.

முப்பதாம் தேதி பழைய நோட்டீஸ் மேலேயே
புதிய நோட்டீஸ் ஒட்டினார்கள்.
மறு உத்தரவு வரும்வரை.

கேசரி மட்டும் வந்துவிட்டது.
முந்திரி தாராளமாகப் போட்டிருந்தார்கள்.
ஓடுகிற யூனிட்டுக்குப் பக்கத்தில் நின்று
அதன் பிரிவுபசாரத்தைத் தின்றோம்.
சிங்காரவேலு மாலையை ஒரு வால்வில் மாட்டினார்.
பன்னிரண்டு மணிக்குள் சம்பங்கி வறுபட்டுவிட்டது.
நல்ல வாசனை.

மகள் படிக்கிற பள்ளிக்கூட மாடியில்
போன வருஷம் வைத்த சோலார் பலகைகள்.
எங்கள் சாம்பல்தான் அவற்றின் மேல்.
கழுவினால் கக்கூசுக்குத் தண்ணீர் கிடையாது.
கக்கூசுக்கு ஊற்றினால் பலகைக்குக் கிடையாது.
ஹெட்மிஸ்ட்ரஸ் கக்கூசைத் தேர்ந்தெடுத்தார்;
நானும் அதைத்தான் செய்திருப்பேன்.
இதயா விரலால் தன் பெயரை எழுதினாளாம்.
எழுத்து மட்டும் நீலமாக இருந்ததாம்.

வடக்கே கடலோரத்தில்
உப்பைப் பிரிக்கிற ஆலை ராத்திரியும் பகலும் ஓடுகிறது.
அதற்குப் போகிற கரண்ட்டில் எங்களுடையதும் உண்டு.
அதிலிருந்து வருகிற தண்ணீரில்தான் என் ஏழு குடமும்.
ஒரு குடத்துக்கு எத்தனை பிடி நிலக்கரி
என்று டோக்கனின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
லாரி ஹாரன் அடித்தது.
பாதியில் விட்டு ஓடினேன்.

கொசஸ்தலையில் எங்கள் வெந்நீர் விழுகிற இடத்தில்
கணுக்கால் அளவு ஆற்றில்
ஒருவர் இறால் தடவிக்கொண்டிருப்பார்.
பஸ்ஸிலிருந்து தினமும் பார்க்கிறேன்.
அவர் கூடையைப் பார்ப்பதில்லை.

ஆனியில் ஒரு தூறல்.
ஐந்து நிமிஷம் இருக்கும்.
மாடியெல்லாம் அண்டா, பக்கெட், பெயின்ட் டப்பா.
சேர்ந்தது சாம்பல் கலந்த நீர்,
கழுநீர் நிறத்தில்.
பிளோமினா அதையும் வடிகட்டி வைத்தாள்.
மறுநாள் பள்ளிக்கூட மீட்டரில்
எண் இரண்டு மடங்காம்.
இதயாவுக்கு அவள் பெயர் போய்விட்டதில்தான் வருத்தம்.

நைட் ஷிஃப்ட். மூன்று மணி.
குடுவையில் பிடித்தேன்.
எண் சரியாக இருக்கிறது.
உள்ளே எங்கேயோ குழாய் கசிகிற சீறல்;
நாளைக்கு அடைப்பார்கள்.
சிங்காரவேலு போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார்.
ஏணி அங்கேயே சாய்ந்திருக்கிறது.